கண்ணாடி இல்லாத களரி

பாலக்காட்டுப் பிள்ளைகளும் இடுக்கிப் பிள்ளைகளும் நன்றாக ஓடுவார்கள் என்பது நாடறிந்த செய்தி. முண்டூரிலிருந்து வந்த பி.யு.சித்ரா 2017இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 1500 மீட்டர் தங்கம் வென்றார். இடுக்கியின் கே.எம்.பீனாமோள் 2002 பூசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் தங்கம் வாங்கியபோது, அதே தூரத்தில் ஆண்கள் பிரிவில் வெள்ளி வாங்கியவர் அவருடைய தம்பி பினு. பாலக்காட்டு முரளி ஸ்ரீசங்கர் 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் 8.08 மீட்டர் தாண்டி வெள்ளியோடு ஊர் திரும்பினார். ஜிம்னாஸ்டிக்ஸ் என்று கேட்டால் மட்டும் இந்தப் பட்டியல் நின்றுவிடுகிறது.

ஏன் என்று ஆராய வேண்டியதே இல்லை. ஓடுவதற்கு மைதானம் போதும். ஜிம்னாஸ்டிக்ஸுக்கு வால்ட் மேசை, பீம், பார், ஸ்பிரிங் தரை, விழுந்தால் தாங்கும் நுரைக் குழி எல்லாம் வேண்டும்; அவற்றின் மேல் உயரமான கூரையும் வேண்டும். கொழிஞ்சாம்பாறையிலோ மறையூரிலோ வண்டிப்பெரியாற்றிலோ ஒரு சாதாரணப் பள்ளியின் பி.டி. மாஸ்டரிடம் இருப்பது ஒரு விசிலும் நைந்துபோன பாயும்தான். ஆனாலும் பல்டி அடிக்காத பிள்ளை ஏது? ஆற்று மணலிலும் அறுவடை முடிந்த வயலிலும் எஸ்டேட் லயத்து முற்றத்திலும் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். இப்போது செல்போன் வீடியோவைப் பார்த்துப் பின்பல்டியும் முயல்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லித்தர ஆள் வேண்டும். கருவி இல்லாத இடத்தில் எதைச் சொல்லித்தர முடியும் என்பதுதான் கேள்வி.

ஒரு சிறுமி கையூன்றித் தலைகீழாக நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். “முட்டிய மடக்காதே” என்று மாஸ்டர் கத்துகிறார். இறங்கி வந்தவள், “நேராத்தானுங்க சார் வெச்சிருந்தேன்” என்கிறாள். செல்போனில் எடுத்த படத்தில் முட்டி நன்றாகவே மடங்கியிருக்கிறது. அவள் பொய் சொல்லவில்லை. அவளுடைய மூளைக்கு வந்த தகவல்படி அந்தக் கால் நேராகத்தான் இருந்தது. தவறு காலில் இருப்பதைவிட அந்தத் தகவலில்தான் அதிகம். அதைப் புரிந்துகொள்ளாமல் கத்துகிற மாஸ்டர் நாளைக்கும் கத்துவார், அடுத்த வருடமும் கத்துவார்.

நம் கைகால் எங்கே, எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்காமலே அறிகிறோம். தசைகளுக்குள் மெல்லிய நூற்கண்டு வடிவில் தசைக் கதிர்கள் என்ற உணரிகள் இருக்கின்றன. தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்பதை அவை மூளைக்கும் தண்டுவடத்துக்கும் சொல்லிக்கொண்டே இருக்கும். தசை எலும்போடு சேரும் நாண்களில் உள்ள உணரிகள் இழுவிசையை அளக்கின்றன. மூட்டைச் சுற்றியுள்ள தோல் இழுபடுவதும் ஒரு சேதிதான். இவை எல்லாம் சேர்ந்த இந்த உடல்நிலை உணர்வுக்கு 1906இல் தனிப்பெயர் கொடுத்து அறிவியலுக்குள் கொண்டுவந்தவர் பிரிட்டிஷ் உடலியலாளர் சார்லஸ் ஷெரிங்டன். இழுபடுவதை மின்சேதியாக மாற்றும் மூலக்கூறு எது என்பது தெரிய மேலும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று. ஆர்டெம் படபூட்டியன் குழு 2010இல் கண்டெடுத்த பியசோ-2 என்ற புரதம்தான் அது. 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது இதற்காகவும்தான். பிறவியிலேயே இந்தப் புரதம் வேலை செய்யாத மனிதர்கள் கண்ணைக் கட்டிவிட்டால் நடக்க முடியாமல் தடுமாறுகிறார்கள்.

இந்த உணர்வை முழுதும் இழந்தால் என்ன ஆகும் என்பதற்கு இயன் வாட்டர்மேன் என்ற ஆங்கிலேயரின் கதை உண்டு. 1971இல், 19 வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பின் அவருக்குக் கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வும் உடல்நிலை உணர்வும் போய்விட்டன. தசைகளில் பலம் இருந்தது. ஆனால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்துப் பார்த்து, வருடக்கணக்கில் உழைத்து மறுபடி நடக்கக் கற்றார். விளக்கு அணைந்தால் அப்படியே சரிந்துவிடுவார்.

உணர்வு இருந்தால் மட்டும் போதாது, அது சரியாகவும் இருக்க வேண்டும். 1972இல் குட்வின், மெக்ளாஸ்கி, மேத்யூஸ் என்ற மூன்று உடலியலாளர்கள் கண்ணைக் கட்டியவர்களின் மேற்கைத் தசைநாண் மேல் அதிரும் கருவி ஒன்றை வைத்தார்கள். அதிர்வு தசைக் கதிர்களைக் கிளப்பிவிட, முழங்கை நீள்வதாக அவர்கள் உணர்ந்தார்கள். உண்மையில் அது நீளவே இல்லை. தசைக் கதிர் தவறாகச் சொன்னால் மூளை அதையும் நம்பிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு இந்த உணர்வு இன்னும் முழுதாகத் தீட்டப்படவில்லை. பதின்ம வயது வரை அது கூர்மையாகிக்கொண்டே போகிறது. போதாக்குறைக்கு, நிமிர்ந்து நடந்தே பழகிய மூளையைத் தலைகீழாக நிறுத்துகிறோம். காதுக்குள் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள் எதிர்ப்பக்கம் சரிகின்றன, பாதம் சுமந்த பாரத்தை உள்ளங்கை சுமக்கிறது. இந்தக் குழப்பத்தில் முட்டி பற்றிய சேதி தொலைந்துபோவதில் வியப்பில்லை.

நேரான முட்டிக்கு ஏன் இவ்வளவு பாடு? அழகுக்காக என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். நடுவர்கள் புள்ளி வெட்டுகிறார்கள் என்பது உண்மைதான். சிறு பிழைக்கு 0.1, நடுத்தரப் பிழைக்கு 0.3, பெரிய பிழைக்கு 0.5, கீழே விழுந்தால் 1 புள்ளி. இந்தக் கணக்கின் கொடுமையை அறிய 2016 ஆகஸ்டு 14 அன்று ரியோ ஒலிம்பிக்கில் நடந்த வால்ட் இறுதிப் போட்டியைப் பார்க்கலாம். திரிபுராவின் தீபா கர்மாகர் 15.066 புள்ளிகளோடு நான்காமிடம் பெற்றார். வெண்கலம் வென்ற சுவிட்சர்லாந்தின் ஜூலியா ஸ்டைன்க்ரூபருக்கு 15.216. வித்தியாசம் 0.150. இது இரண்டு தாவல்களின் சராசரி என்பதால், இரண்டையும் கூட்டிப் பார்த்தால் இடைவெளி 0.3. ஒரு தாவலில் ஒரு நடுத்தரப் பிழைக்கு வெட்டும் அளவு அது. தட்டைப் பாதத்தோடு ஜிம்னாஸ்டிக்ஸுக்கு வந்து, அகர்தலாவில் பீசுவேசுவர் நந்தியிடம் சிறு வயதிலேயே பயிலத் தொடங்கிய பெண் அவர். அங்கும் தொடக்கத்தில் நல்ல கருவிகள் கிடையாது என்பதை நம் பி.டி. மாஸ்டர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் புள்ளி இரண்டாம் பட்சம். தரையை விட்டுக் கிளம்பிய உடலின் கோண உந்தம் மாறாது. காற்றில் எதையும் பிடித்துத் தள்ள முடியாதே. உடலைச் சுருட்டினால் வேகமாகச் சுழலும், நீட்டினால் மெதுவாகும். ஆக, காற்றில் இருக்கும்போது உடலின் வடிவம்தான் ஒரே கடிவாளம். ஒரு கால் மடங்கி ஒரு கால் நீண்டிருந்தால் சுழற்சி கோணிக்கொள்ளும், தரை எதிர்பாராத பக்கத்திலிருந்து வரும். தரைப் பயிற்சியில் ஒரு பல்டி காற்றில் நிற்பது ஒரு விநாடிக்கும் குறைவு. கண்ணால் பார்த்துத் திருத்த ஏறக்குறைய விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். தசை தானே கொடுக்கும் பதில் இருபதில் ஒரு பங்குக்குள் வந்துவிடும். பார்த்துத் திருத்த நேரமில்லாத இடத்தில் உணர்ந்து திருத்துகிறவள்தான் முழுசாகத் தரையிறங்குவாள்.

இந்த உணர்வு அறுந்தால் உலகின் தலைசிறந்த வீராங்கனையும் தப்ப முடியாது. 2021 ஜூலை 27 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் இரண்டரை முறுக்கு போட எழும்பிய சிமோன் பைல்ஸ் ஒன்றரை முறுக்கோடு கீழே வந்தார். காற்றில் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை என்று சொல்லி அணிப் போட்டியிலிருந்து விலகினார். கோழை என்று ஏசியவர்களும் உண்டு. உடலியல் தெரிந்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். திசை தெரியாமல் தலைகீழாக விழுவது கழுத்தெலும்போடு சூதாடுவது. அடிப்படைகளுக்குத் திரும்பிப்போய், மெல்ல மீண்டு, 2024 பாரீசில் மூன்று தங்கம் வென்றார்.

அடிப்படை என்றால் என்ன? முதற்பாடம் பாயில் மல்லாந்து படுப்பது. அடிமுதுகைத் தரையோடு ஒட்டி, விலாவை உள்ளே இழுத்து, தோளையும் காலையும் கொஞ்சம் தூக்கி, உடலை ஒரு கிண்ணம்போல ஆக்கி நிறுத்த வேண்டும். பார்க்க ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். பத்து விநாடியில் வயிறு நடுங்கும். இதன் அருமை, முதுகுக்கும் பாய்க்கும் நடுவே இடைவெளி விழுந்தால் பிள்ளைக்கே தெரிந்துவிடும் என்பது. பாயே ஆசிரியர். வயிற்றைச் சுவரைப் பார்க்க வைத்துக் கையூன்றி நிற்கச் சொன்னால் அதே வடிவம்தான் தலைகீழாக வரும். இடுப்பு தளர்ந்து முதுகு வளைந்தவள் சமநிலையைத் தோளிலும் காலிலும் தேடி ஆடுவாள். உடல் ஒரே கம்பமாக நின்றால் மணிக்கட்டும் விரல்களும் போதும்: முன்னே சாயும்போது விரல் நுனியை அழுத்துவது, பின்னே சாயும்போது உள்ளங்கையின் அடியை அழுத்துவது. நிற்கும்போது கணுக்கால் செய்கிற வேலைதான் அது. இதற்கு ஸ்பிரிங் தரை எதற்கு? ஒரு சுவர் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது.

இனி, மண் தரையிலேயே உடலைப் பழக்கும் கேரளப் போர்க்கலையான களரிக்கு வருவோம். பாலக்காடு பழைய மலபாரைச் சேர்ந்த மாவட்டம். வடக்கன் களரியின் எல்லைக்குள் வருவது. இடுக்கியில் குமுளியிலும் மூணாற்றிலும் மாலை நேரத்தில் சுற்றுலாக்காரர்களுக்காகக் களரிப்பயட்டு காட்டுகிறார்கள். தீவளையம் தாண்டுவதைப் பார்த்துக் கை தட்டிவிட்டு எல்லோரும் போய்விடுகிறார்கள். பார்க்க வேண்டியது அதற்கு முந்தைய வருடங்களை. மரபுக் களரி தரைமட்டத்துக்குக் கீழே தோண்டிய, 42 அடி நீளமும் 21 அடி அகலமும் கொண்ட மண் தரை. வெறுங்காலோடு இறங்க வேண்டும். முதலில் வருவது மெய்த்தாரி: காலை வீசுவது, தாழ்வது, திரும்புவது, யானை, சிங்கம், குதிரை, பன்றி என்று விலங்குகளின் பெயரால் அமைந்த வடிவுகளில் நிலைகொள்வது. உடல் சொன்னபடி கேட்ட பிறகுதான் கோல்தாரி, அதாவது கம்பு. அதற்கும் பிறகுதான் இரும்பு ஆயுதம். இன்றைய பயிற்சி அறிவியலுக்கு இந்த வரிசையில் மாற்ற ஒன்றும் இல்லை.

களரியில் இரண்டு விஷயங்கள் என்னைக் கவர்கின்றன. ஒன்று, அங்கே கண்ணாடி கிடையாது. சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்த நகரத்து நடனக் கூடத்தில் பிள்ளை தன் வடிவத்தைக் கண்ணால் திருத்திக்கொள்கிறது. கண்ணாடியை எடுத்துவிட்டால் வடிவமும் போய்விடுகிறது. இரண்டு, ஆசான் சொல்லும் வாய்த்தாரி. அசைவுகளின் வரிசையை அவர் தாளகதியில் சொல்லச் சொல்ல மாணவர்கள் செய்கிறார்கள். எங்கே தாழ வேண்டும், எங்கே வேகம் கூட வேண்டும் என்பது அந்தக் குரலிலேயே இருக்கிறது. முட்டியைப் பார், இடுப்பைப் பார் என்று உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பேசுவது குறைவு.

ஜெர்மனியில் பிறந்த ஆய்வாளர் காப்ரியேலே உல்ஃப் 1990களின் இறுதியிலிருந்து இந்தத் திசையில்தான் ஆய்வு செய்துவருகிறார். தன் உறுப்பின் மேல் கவனம் வைப்பவரைவிட, அசைவின் விளைவின் மேல், வெளியே உள்ள ஒரு பொருளின் மேல் கவனம் வைப்பவர் பெரும்பாலும் விரைவாகவும் நிலையாகவும் கற்கிறார் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. “முட்டிய மடக்காதே” என்பதைவிட “கால் கட்டைவிரலால கூரை ஓட்டைத் தொடப் பாரு” என்பது நல்ல கட்டளை. ஓடு எட்டாது, ஆனால் முட்டி நீண்டுவிடும்.

களரியும் ஜிம்னாஸ்டிக்ஸும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. களரி மடங்கிய முட்டியின் கலை, தரையோடு தாழ்கிற கலை. ஜிம்னாஸ்டிக்ஸ் நீண்ட கோட்டின் கலை. வடிவை எடுத்துக்கொண்டால் வம்பு. எடுத்துக்கொள்ள வேண்டியது கற்பிக்கும் முறையை. இரண்டையும் இணைத்தவர்கள் கேரளத்தில் முன்பே உண்டு. களரியும் ஜிம்னாஸ்டிக்ஸும் அறிந்த கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901இல் தலைசேரிக்கு அருகே சிறக்கரையில் சர்க்கஸ் பள்ளி தொடங்கினார். இந்திய சர்க்கஸின் பாதி அங்கிருந்து கிளம்பியது என்றே சொல்லலாம். அந்த வரலாற்றின் இன்னொரு பக்கம் இனிமையானதல்ல. கூடாரங்களில் பிள்ளைகள் பட்ட பாட்டின் காரணமாக, சர்க்கஸில் அவர்களை வேலைக்கு வைப்பதை 2011இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது.

ஆசிரியர் எவ்வளவு பேச வேண்டும் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. சால்மோனி, ஷ்மிட், வால்டர் மூவரும் 1984இல் எழுதிய கட்டுரையின் சாரம் இது: ஒவ்வொரு முயற்சிக்குப் பின்னும் திருத்தம் சொன்னால் பயிற்சியின்போது மாணவர் நன்றாகச் செய்வார், திருத்தத்தை நிறுத்தியதும் சரிவார். வெளியிலிருந்து வரும் சேதியிலேயே சாய்ந்துகொண்டு தன் உடலின் சேதியைக் கேட்கப் பழகாமல் விட்டுவிடுகிறார். எனவே செல்போன் படத்தை உடனே காட்டாதீர்கள். முதலில் பிள்ளையைக் கேளுங்கள்: முட்டி எப்படி இருந்தது, பாதம் சேர்ந்திருந்ததா, எந்தக் கையில் பாரம் கூடுதல்? அது ஒரு பதில் சொல்லட்டும். பிறகு படத்தைக் காட்டுங்கள். உணர்ந்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் காணும் அந்தக் கணத்தில்தான் சிறுமூளை தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. கேள்வி கேட்காமல் காட்டினால் அது வெறும் வீடியோ.

தொட்டுத் திருத்துவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு விரல் நுனியால் எதையாவது லேசாகத் தொட்டுக்கொண்டு நின்றாலே உடலின் ஆட்டம் குறைகிறது. தாங்குகிற அளவுக்கு அதில் விசையே கிடையாது. ஜெக்கா, லாக்னர் என்ற ஆய்வாளர்கள் 1994இல் இதைக் காட்டினார்கள். தொடுகை தாங்குவதற்கு அல்ல, தகவல் தருவதற்கு. தலைகீழாக நிற்கிற பிள்ளையின் காலை இறுகப் பிடித்து நேராக்கும் ஆசிரியர் அந்தத் தகவலை அழித்துவிடுகிறார். குதிகாலில் விரல் நுனி பட்டால் போதும். தொடப்போகிறேன், எங்கே தொடப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, எல்லோர் முன்னிலையிலும்தான் தொட வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பே கூடாது.

பிறகு ஒரு நாள், நன்றாகச் செய்துகொண்டிருந்த பிள்ளை திடீரெனத் தடுமாறும். பெண்களுக்குப் பன்னிரண்டு வயதை ஒட்டியும் ஆண்களுக்குப் பதினான்கை ஒட்டியும் உயரம் வேகமாகக் கூடுகிறது. வருடத்துக்கு எட்டு, ஒன்பது சென்டிமீட்டர்கூட. கால் பத்து விழுக்காடு நீண்டால், எடை கூடாவிட்டாலும் அதன் நிலைமத் திருப்புத்திறன் இருபத்தொரு விழுக்காடு கூடுகிறது. நேற்றுவரை பழகிய கால் இன்று வேறு கால். மூளையில் இருக்கும் படம் பழையது. சோம்பல் என்றும் திமிர் என்றும் பெயர் வைத்துத் திட்டுகிற காலம் இதுதான். பல நல்ல பிள்ளைகள் விளையாட்டை விடுவதும் இப்போதுதான். இந்த மாதங்களில் புதுப் பல்டி எதையும் தொடங்காமல், கிண்ணத்துக்கும் சுவருக்கும் ஒற்றைக்கால் நிலைக்கும் திரும்பிப்போவதே சரி.

இந்த வயதில் எலும்பின் முனைகளில் வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்பு அடுக்கு திறந்திருக்கும். அதைச் சுற்றியுள்ள எலும்பையும் நாண்களையும்விட அது மென்மையானது. தினமும் கையூன்றிப் பல்டி அடிக்கிற பிள்ளைக்கு மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கத்தில் வலி நீடித்தால் எண்ணெய் தேய்த்துச் சமாளிக்கக் கூடாது. ஓய்வு கொடுத்து எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். காலை விரித்து உட்கார வைத்து, தோளில் ஏறி அமுக்கி இடுப்பை இறக்குகிற வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தொடைப் பின்தசை பிடித்திருக்கும் இடுப்பெலும்பின் முனை அப்படியே பெயர்ந்துவிட இதனால் வாய்ப்புண்டு. இதற்குப் பயிற்சி என்று பெயர் கிடையாது.

கருவி இல்லை என்று காத்திருக்கும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சித்தூர் தாலுகாவிலோ தேவிகுளத்திலோ நாளைக் காலையே தொடங்கலாம். பிள்ளைகளை இருவர் இருவராகப் பிரியுங்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொள்ள, மற்றவர் அவருடைய ஒரு கையை ஏதாவது ஒரு கோணத்தில் தூக்கி நிறுத்தட்டும். கண்ணை மூடியவர் மறு கையை அதே கோணத்தில் வைக்கட்டும். பிறகு கண்ணைத் திறந்து பார்க்கட்டும். எவ்வளவு தவறினோம் என்று கண்டு சிரிப்பார்கள். அடுத்து ஒற்றைக்காலில், கண்ணை மூடி, வெறும் மண்ணில் நிற்கட்டும். அப்புறம் பாய், அப்புறம் சுவர். பின்பல்டிக்கு மட்டும் நுரை மெத்தையும் பயிற்சி பெற்ற ஆளும் வரும்வரை காத்திருங்கள். அதில் அவசரப்படும் மாணவரைத் தடுத்து நிறுத்துவதும் உங்கள் வேலைதான்.